திருப்பதி, பழவேற்காடு பக்கம் துருவ அறிவியலில் பிஎச்டி திட்டம்: எங்கிருந்து தொடங்குவது?

நகரி பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்தும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: திருப்பதி, சித்தூர், சூளூர்பேட்டை வட்டாரத்தில் உள்ள மூன்று நான்கு நிறுவனங்கள் சேர்ந்து, துருவ அறிவியலில் ஒரு பல்துறை முனைவர் பட்டப் பயிற்சித் திட்டம் தொடங்க யோசிக்கின்றன. இயற்பியல், நிலவியல், உயிரியல், சமூக அறிவியல் மாணவர்கள் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்பது ஆசை. பாடத்திட்டத்தை எப்படி எழுதுவது, பனியே விழாத ஊரில் இது நடக்கிற காரியமா, எல்லா மாணவரையும் அண்டார்க்டிகாவுக்கு அனுப்பியே ஆக வேண்டுமா என்று கேட்கிறார்.

நடக்கிற காரியம்தான். நம் வட்டாரத்தில் இதற்கான பொருள் நிறையவே இருக்கிறது. ஆனால் பாடத்திட்டத்தில் இருந்து தொடங்காதீர்கள்.

துருவச் செயற்கைக்கோள் தரவில் பல ஆண்டுகள் மாணவர்களுக்கு வழிகாட்டியிருக்கிறேன், இப்படிப்பட்ட திட்ட வரைவுகளைப் பரிசீலிக்கும் குழுக்களிலும் இருந்திருக்கிறேன். பெரும்பாலான வரைவுகள் ஒரே மாதிரி இருக்கும். பனியியல் 3 கிரெடிட், துருவக் கடலியல் 3 கிரெடிட், துருவ உயிரியல் 3 கிரெடிட், துருவச் சட்டம் 2 கிரெடிட். மாணவர் எல்லாவற்றுக்கும் பரீட்சை எழுதிவிட்டுத் தன் கைடின் லேபுக்குப் போய்விடுவார். நான்கு ஆண்டு கழித்து அவர் தரும் ஆய்வேட்டைப் பார்த்தால், இந்தத் திட்டம் இல்லாமலே எழுதியிருக்கக்கூடிய ஆய்வேடாக இருக்கும். பல துறையின் அறிமுகப் பாடங்களை வரிசையாக அடுக்குவதால் பல்துறை ஆய்வாளர் உருவாவதில்லை.

என் கருத்து இது. மாணவருக்குத் தன் துறையில் ஆழம் வேண்டும், அதில் சமரசம் கூடாது. அதற்கு மேல் அவருக்குத் தெரிய வேண்டியது, பக்கத்துத் துறையின் எண் எந்த இடத்தில் பிழையாகும் என்பது. ஒரு இயற்பியலாளர் உயிரியல் முழுவதையும் கற்க வேண்டாம். உயிரியலாளர் தரும் அளவீட்டை எவ்வளவு நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்று கேட்கத் தெரிந்தால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்குவதற்குத்தான் பயிற்சித் திட்டம் வேண்டும்.

ஓசோன் துளையின் கதை இதற்கு நல்ல சான்று. அண்டார்க்டிகாவில் உள்ள பிரிட்டனின் ஹேலி நிலையத்தில் 1950களின் பிற்பகுதியில் இருந்தே டாப்சன் கருவியால் ஓசோனை அளந்து வந்தார்கள். 1970களின் பிற்பகுதியில் இருந்து ஒவ்வொரு அக்டோபரிலும் அளவு குறைந்துகொண்டே போனது. ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் 1985இல் அதை வெளியிட்டார்கள். அதே காலத்தில் நாசாவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோளும் மேலே இருந்து அளந்துகொண்டுதான் இருந்தது. ஓசோனின் அளவைச் சொல்லும் டாப்சன் அலகில் 180க்குக் கீழே வரும் மதிப்புகளைச் சந்தேகத்துக்குரியவை என்று குறிக்கும்படி அதன் கணினி நிரல் எழுதப்பட்டிருந்தது. அவ்வளவு குறைந்த ஓசோனை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை, அதனால் அந்த எல்லை அப்போது நியாயமாகவே பட்டது. குறிக்கப்பட்ட அந்த மதிப்புகள் உண்மையானவை என்று பிறகுதான் உறுதியானது.

அதோடு கதை முடியவில்லை. ஓசோன் ஏன் துருவத்தில், அதுவும் வசந்தத்தில் மட்டும் இப்படிக் குறைகிறது? சுமார் மைனஸ் 78 டிகிரிக்குக் கீழே அடுக்கு மண்டலத்தில் (ஓசோன் அதிகம் உள்ள மேல் வளிமண்டலத்தில்) உருவாகும் மேகத் துகள்களின் மேற்பரப்பில் குளோரின் சேர்மங்கள் வினைபுரிகின்றன என்று சூசன் சாலமனும் அவருடன் இருந்தவர்களும் 1986இல் விளக்கினார்கள். அதே ஆண்டு அவர் அண்டார்க்டிகாவில் உள்ள அமெரிக்காவின் மெக்மர்டோ நிலையத்துக்கு ஒரு குழுவை அழைத்துச் சென்று நேரிலேயே அளந்தார். 1987இல் ஓசோனை அழிக்கும் வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. தரைக்கருவி, செயற்கைக்கோள் நிரல், மேக இயற்பியல், வேதியியல், சர்வதேசச் சட்டம் எல்லாம் இரண்டே ஆண்டுகளில் கைகோத்தன. உங்கள் முதல் வார வகுப்பை இந்தக் கதையோடு தொடங்கலாம். 180 என்ற எல்லையை நீங்களாக இருந்தால் எங்கே வைத்திருப்பீர்கள் என்று மாணவர்களிடம் கேளுங்கள். ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு விடை சொல்லும்.

சரி, பாடத்திட்டத்தில் இருந்து தொடங்கக் கூடாதென்றால் வேறு எதில் இருந்து? ஒரு கேள்வியில் இருந்து. எந்த ஒரு துறையாலும் தனியாக விடை சொல்ல முடியாத, நம் வட்டாரத்துக்கும் தேவைப்படும் ஒரு கேள்வி வேண்டும். நான் முன்வைப்பது இது: அண்டார்க்டிகாவில் உருகும் பனி, பழவேற்காடு ஏரியில் எவ்வளவு நீர்மட்ட உயர்வாக வந்து சேரும்?

கேட்க எளிய கேள்வி போலத் தெரியும். உள்ளே போனால் நான்கைந்து ஆய்வேடுகள் தேறும். முதலில், அண்டார்க்டிகா எவ்வளவு பனியை இழக்கிறது? உலகின் பல குழுக்கள் சேர்ந்து 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1992 முதல் 2017 வரை இழப்பு 2,720 பில்லியன் டன். கடல் மட்டத்தில் அது சுமார் 7.6 மில்லிமீட்டர். அதன் பிழை வரம்பு 1,390 பில்லியன் டன், அதாவது மொத்த எண்ணில் பாதி. கிழக்கு அண்டார்க்டிகாவை மட்டும் எடுத்தால் ஆண்டுக்கு 5 பில்லியன் டன் கூடுவதாக வந்தது, பிழை வரம்போ 46. பனி கூடுகிறதா குறைகிறதா என்றே அந்த எண்ணை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. மாணவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பிழை வரம்பைத்தான்.

ஏன் இவ்வளவு பிழை? பனியின் எடையை அறிய மூன்று வழிகள் உண்டு. ஒன்று, ஈர்ப்பு விசை. 2002இல் ஏவிய கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஒன்றுக்கொன்று சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்தன. கீழே உள்ள நிறை மாறினால் அந்த இடைவெளி நுட்பமாக மாறும், அதில் இருந்து எடையைக் கணக்கிடலாம். ஆனால் நிறை மாறுவது பனியால் மட்டும் அல்ல. கடந்த பனியுகத்தில் பெரும் பனிச்சுமை அழுத்திய தரை, சுமை குறைந்த பிறகு, ஆள் எழுந்துபோன மெத்தை மாதிரி இன்னும் மெல்ல மேலே வந்துகொண்டிருக்கிறது. அடியில் புவியின் உட்பாறை மெல்ல நகர்கிறது. அந்த நகர்வும் கிரேஸ் கணக்கில் நிறையாகச் சேர்ந்துவிடும். அதைக் கழிக்கப் புவியின் உட்பகுதி எவ்வளவு பிசுபிசுப்பானது என்று தெரிய வேண்டும். அது திடப்புவி இயற்பியலாளரின் வேலை. பனியைப் பற்றிய கணக்கு பாறையில் போய் நிற்கிறது.

இரண்டாவது வழி உயரம். செயற்கைக்கோளில் இருந்து ரேடார் அலையோ லேசரோ அனுப்பி, பனிப்பரப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பது. 2013 பிப்ரவரியில் நம் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏறிய சரள் செயற்கைக்கோளில் இருந்த ஆல்டிகா கருவி இந்த வேலைக்கும் பயன்பட்டது. அது கேஏ என்ற குறுகிய அலைநீள ரேடார் அலைவரிசையில் இயங்கியது. வழக்கமான கேயூ அலைவரிசை பனித்தூளுக்குள் பல மீட்டர் புகுந்துவிடும், கேஏ அவ்வளவு புகாது. ஆக, அலை எந்த ஆழத்தில் இருந்து திரும்பி வந்தது என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை பனித்தூளின் மணிகளின் அளவில் இருக்கிறது, அது பனியில் குழி தோண்டிப் பார்ப்பவருக்குத் தெரியும். உயரம் குறைந்தாலே பனி போய்விட்டது என்று சொல்லவும் முடியாது. பனித்தூள் இறுகினாலும் உயரம் குறையும்.

மூன்றாவது வழி வரவு செலவு. எவ்வளவு பனி விழுகிறது, எவ்வளவு கடலுக்குள் ஓடுகிறது என்று தனித்தனியாகக் கணக்கிட்டுக் கழிப்பது. பனியாறுகளின் வேகத்தை ரேடார் படங்களில் இருந்து எடுக்கலாம். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏவிய நிசார் என்ற ரேடார் செயற்கைக்கோள், எல், எஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் 12 நாளுக்கு ஒரு முறை அதே இடத்துக்கு மேலே வருகிறது. சூளூர்பேட்டைக்காரர்கள் வீட்டு மாடியில் நின்று பார்த்த ராக்கெட் அது. அதன் தரவில் வேலை செய்ய அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கிடைக்க வேண்டும் என்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

இனி கடலுக்கு வருவோம். உருகிய நீர் உலகக் கடல்களில் சமமாகப் பரவுவதில்லை. அண்டார்க்டிகாவின் பனிநிறை தன்னைச் சுற்றியுள்ள கடலைத் தன்பால் ஈர்த்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்த ஈர்ப்பும் குறையும், அருகில் உள்ள கடல் தாழும், தொலைவில் உள்ள வெப்பமண்டலக் கடலில் உயர்வு உலகச் சராசரியைவிடக் கூடுதலாக இருக்கும். வங்கக் கடலும் அந்தத் தொலைவான பக்கத்தில்தான் இருக்கிறது.

அப்புறம் பழவேற்காடு. ஆரணியாறும் காளங்கியும் வந்து சேரும் ஏரி, கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா தீவு. தரை தாழ்கிறதா, முகத்துவாரம் மணலால் அடைபடுகிறதா, ஆற்றில் எவ்வளவு வண்டல் வருகிறது என்பதெல்லாம் அங்கே நீர்மட்டத்தை முடிவு செய்யும். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயரும் கடலைவிட, ஒரு பருவத்தில் முகத்துவாரம் அடைபடுவது ஏரியை அதிகமாக மாற்றும். எந்த ஆண்டு எந்தப் பக்கம் வாய் திறந்தது, எப்போது அடைத்தது என்று இரண்டு மாநிலத்து மீனவர்களும் சொல்வார்கள். அதை முறையாகக் கேட்டுப் பதிவு செய்வது சமூக அறிவியல் மாணவரின் வேலை. மீனவர் நினைவில் எது துல்லியமாக இருக்கும், எது கலங்கும் என்பதும் ஒரு பிழைக் கணக்குதான். கிரேஸ் தரவைப் போலவே அதையும் ஆராயலாம்.

ஒரு கேள்வியையே இவ்வளவு விரித்ததற்குக் காரணம், உங்கள் வரைவில் முதல் பக்கம் இப்படி இருக்க வேண்டும் என்பதுதான். மற்ற கேள்விகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பாகாலா அருகே காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வகத்தில் மேல்வானக் காற்றை அளக்கும் ரேடார் 53 மெகாஹெர்ட்ஸில், 1,024 யாகி ஆன்டெனாக்களோடு இயங்குவது. அண்டார்க்டிகாவில் ஜப்பானின் சியோவா நிலையத்தில் உள்ள பான்சி ரேடார் 47 மெகாஹெர்ட்ஸில், ஆயிரத்துச் சொச்சம் ஆன்டெனாக்களோடு ஏறக்குறைய அதே வகையில் அமைந்தது. 2002 செப்டம்பரில் அண்டார்க்டிகாவின் அடுக்கு மண்டலம் திடீரெனச் சூடேறிய மாதிரியான நிகழ்வுகள் வெப்பமண்டல மேல்வானத்தில் என்ன மாற்றம் செய்கின்றன என்று பார்க்க, காதங்கியைவிட நல்ல இடம் நமக்கு வேறு ஏது? நிலவியல் மாணவருக்கும் பாதிக் களம் வீட்டருகிலேயே இருக்கிறது. கோதாவரிக்கு வடக்கே உள்ள கிழக்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளும் கிழக்கு அண்டார்க்டிகாவின் ரேனர் பகுதிப் பாறைகளும் சுமார் 95 கோடி ஆண்டு முன்பு ஒன்றாக உருமாறியவை. சுமார் 13 கோடி ஆண்டு முன்புதான் இரு நிலங்களும் பிரியத் தொடங்கின. தென்பெருங்கடலின் கிரில் (சிறு இறால் மாதிரியான உயிரி) போன்ற உயிர்வளம் பற்றிப் படிக்க விரும்பும் மாணவருக்குக் கொச்சியில் உள்ள கடல் உயிர்வள மையம் இருக்கிறது. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், 2014இல் ஆர்க்டிக்கில் உள்ள நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் கோங்ஸ்ஃபியோர்டனில், கடலுக்கடியில் நங்கூரமிட்ட அளவீட்டு அமைப்பான இன்டார்க்கை நிறுவுவதில் பங்கெடுத்தது. கருவி வடிவமைக்க ஆசைப்படும் பொறியியல் மாணவரை அங்கே அனுப்பலாம்.

மழை பற்றி ஓர் எச்சரிக்கை. ஆர்க்டிக்கின் காரா கடலில் கோடைப் பனி குறைவதற்கும், செப்டம்பரில் மத்திய இந்தியாவில் பெருமழை கொட்டுவதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று நம் ஆய்வாளர்கள் 2021இல் எழுதினார்கள். நல்ல ஆய்வு. ஆனால் அதைப் படித்துவிட்டு, 2021 நவம்பரில் திருப்பதியை மூழ்கடித்த மழை உட்பட எல்லா மழையையும் துருவத்தோடு இணைக்க மாணவர்கள் ஆசைப்படுவார்கள். கடல் பனியின் தொடர்ச்சியான செயற்கைக்கோள் பதிவு 1978இன் இறுதியில்தான் தொடங்குகிறது. அதாவது ஐம்பதுக்கும் குறைவான செப்டம்பர்கள். அவ்வளவு சிறிய தொடரில் எதை வேண்டுமானாலும் எதோடும் பொருத்திக் காட்டிவிடலாம். காற்றின் பாதையை அடுக்கடுக்காக விளக்க முடியாத தொடர்பை ஆய்வேட்டில் ஏற்காதீர்கள். புள்ளியியல் ஆசிரியர் ஒருவர் முதல் நாளில் இருந்தே திட்டத்தில் இருக்க வேண்டும். கடைசியில் கூப்பிட்டுக் கணக்கைச் சரிபார்க்கச் சொல்வது வீண்.

முதல் ஆண்டுக்கு வருகிறேன். யுஜிசியின் 2022 விதிப்படி கோர்ஸ் வொர்க்குக்குக் குறைந்தது 12 கிரெடிட் வேண்டும். ஆய்வு நெறி பாடமும் அதில் அடங்கும். ஐஐடி, ஐசர் போன்றவற்றுக்குச் சொந்த விதிகள் இருக்கின்றன. ஆக, எல்லாருக்கும் பொருந்தும் ஒரு சிறிய பொதுப்பகுதியை வைத்துக்கொண்டு, மீதியை அவரவர் நிறுவனத்துக்கு விட்டுவிடுங்கள். அந்தப் பொதுப்பகுதியில் விரிவுரை குறைவாகவும் பட்டறை அதிகமாகவும் இருக்கட்டும்.

நான் பரிந்துரைக்கும் பட்டறை ஒன்றைச் சொல்கிறேன். நெல்லூர் பக்கம் இறால் ஏற்றுமதி ஆலைகளில் மைனஸ் 18 டிகிரி குளிர்கிடங்குகள் இருக்கின்றன. அதில் ஒரு சிறு அறையை ஒரு வாரம் வாடகைக்குப் பேசுங்கள். மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, முதல் குழு தண்ணீரை அடுக்கடுக்காக உறையவைத்து ஓர் உயரமான பனிக்கட்டியைச் செய்யட்டும். ஒவ்வொரு அடுக்கிலும் தெரிந்த அளவு உப்பு, சிலவற்றில் நுண்ணிய தூசி. என்ன சேர்த்தோம் என்பதை மூடிய உறையில் எழுதி வைக்கட்டும். இரண்டாவது குழு அந்தக் கட்டியைக் குளிர் உடையில், கையுறையோடு அறுத்து, துண்டுகளுக்கு எண்ணிட்டு, உருக்கி, அளந்து, அடுக்கு வரலாற்றைத் திரும்ப எழுதட்டும். பிறகு உறையைப் பிரித்து ஒப்பிடுங்கள். ரம்பம் ஓர் அடுக்கின் உப்பை இன்னோர் அடுக்குக்கு இழுத்துப் போயிருக்கும். உறையும்போதே உப்பு கீழே தள்ளப்பட்டிருக்கும். ஒரு துண்டின் எண் அழிந்து போயிருக்கும். பனியைத் துளைத்து எடுக்கும் பனித்துரப்பண மாதிரிகளின் வேதியியலை வெறும் எண்களாகப் பார்த்துவந்த இயற்பியல் மாணவர், அதற்குப் பிறகு அந்த எண்களை வேறு கண்ணால் பார்ப்பார்.

பனிக்கட்டிக்குள் இருக்கும் காற்றின் வயது பற்றி ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். மேலே விழும் பனித்தூள் இறுகி முழுப் பனியாகும் வரை காற்று அதற்குள் போய்வந்துகொண்டே இருக்கும். ஆகவே குமிழியில் அடைபட்ட காற்று, சுற்றியுள்ள பனியைவிட இளையது. பனிப்பொழிவு குறைந்த, அண்டார்க்டிகாவின் உட்பகுதியில் உள்ள வோஸ்டாக் போன்ற இடத்தில் இந்த வித்தியாசம் ஆயிரக்கணக்கான ஆண்டு, பனி கொட்டும் கரையோரத்தில் பல பத்தாண்டுகள்தான். கரியமில வாயு முதலில் கூடியதா, வெப்பம் முதலில் கூடியதா என்ற பழைய விவாதத்தில் பாதி, இந்த வித்தியாசத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதைப் பற்றியதுதான். எட்டு லட்சம் ஆண்டு வரை பதிவு தந்த, அண்டார்க்டிகாவின் டோம் சி துரப்பணமும், அதே வட்டாரத்தில் 12 லட்சம் ஆண்டைத் தாண்டி 2025 ஜனவரியில் பனியின் அடித்தளத்தைத் தொட்ட புதிய துரப்பணமும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன.

அடுத்து அண்டார்க்டிகா பயணம். எல்லாரையும் அனுப்ப வேண்டாம். அனுப்புவோம் என்று விளம்பரத்தில் எழுதவும் வேண்டாம், இதை அழுத்திச் சொல்கிறேன். இந்தியாவின் மைத்ரி, பாரதி நிலையங்களுக்குப் போகும் வழி கோவாவில் உள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தின் வழியாகத்தான். ஆய்வுத் திட்டம் தேர்வாக வேண்டும், மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும், உத்தராகண்டின் ஆவ்லியில் இந்தோ–திபெத் எல்லைக் காவல் படை நடத்தும் பனிப் பயிற்சி முடிக்க வேண்டும். பிறகு கேப் டவுன் வழியாகப் பயணம். கோடைக்குழு நவம்பர் வாக்கில் போய் மார்ச், ஏப்ரலில் திரும்பும். குளிர்காலக் குழுவுக்கு ஓராண்டுக்கு மேல். வானிலையோ கப்பலோ தாமதித்தால் அந்தப் பருவமே போய்விடும், அடுத்த வாய்ப்பு ஓராண்டு கழித்து. ஆய்வேட்டின் முதுகெலும்பே ஒரே ஒரு பயணத்தில் எடுக்க வேண்டிய மாதிரியாக இருந்து, பயணம் தள்ளிப்போனதால் உதவித்தொகைக் காலம் முடிந்து தவித்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தவிப்பு திட்ட வடிவமைப்பின் கோளாறு, மாணவரின் தவறு இல்லை.

ஆகவே ஒரு விதி எழுதிவிடுங்கள்: எந்த ஆய்வேடும், பனியில் கால் வைக்காமலே மூன்றில் இரண்டு பங்கு முடியக்கூடியதாக இருக்க வேண்டும். செயற்கைக்கோள் தரவு, ஏற்கெனவே சேமிப்பில் இருக்கும் மாதிரிகள், காதங்கி மாதிரியான தரைநிலையத் தரவு, கணினி மாதிரியாக்கம் எல்லாம் அதற்கு உண்டு. களப்பயணம் கிடைத்தால் ஆய்வு வளரும், கிடைக்காவிட்டால் ஆய்வு சாகக் கூடாது. மருத்துவக் காரணத்தால் போக முடியாதவரும், கைக்குழந்தை உள்ள பெண்ணும், மாற்றுத்திறனாளியும் இந்தத் திட்டத்தில் சமமாக முடிக்க இந்த ஒரு விதியே வழி செய்யும். இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டியில் 2016 முதல் இயங்கும் ஹிமான்ஷ் நிலையம் பனியாற்று வேலை பழக நல்ல இடம். ஆர்க்டிக்கில் நி-ஆலெசுண்டில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் இருக்கிறது, அங்கே போய்வர அண்டார்க்டிகா அளவுக்குக் காலம் பிடிக்காது. ஸ்வால்பார்டில் 1993 முதல் இயங்கும் பல்கலைக்கழக மையத்தின் குறுகிய, தீவிரப் பாடங்களுக்கு ஆண்டுக்கு ஒருவரையாவது அனுப்பப் பணம் ஒதுக்குங்கள்.

இரண்டு கைடு விஷயம் நாசூக்கானது, ஆனால் பல்துறைத் திட்டங்கள் அதிகம் உடைவது இங்கேதான். ஒரு மாணவருக்கு இரண்டு துறைகளில் இருந்து இரண்டு கைடுகள் என்று காகிதத்தில் எழுதுவது சுலபம். நடைமுறையில், பட்டம் பதிவான நிறுவனத்தின் கைடு சொல்வதே நடக்கும், இணை கைடு கையெழுத்துக்கு மட்டும். அல்லது இருவரும் ஆளுக்கொரு ஆய்வேடு கேட்பார்கள், மாணவர் நடுவில் நசுங்குவார். இதற்கு நான் கண்ட வழி, மாணவர் சேருவதற்கு முன்பே இரண்டு கைடுகளும் சேர்ந்து ஓர் ஆய்வுக் குறிப்பு எழுத வேண்டும் என்பது. ஒருவர் தனியாகக் கொண்டுவரும் குறிப்புக்கு இடம் கிடையாது. எந்த அத்தியாயத்துக்கு யார் பொறுப்பு, கட்டுரைகளில் பெயர் வரிசை எப்படி என்பதை அப்போதே எழுதிவிட வேண்டும். பல்கலைக்கழக விதிப்படி ஒவ்வொரு செமஸ்டரிலும் கூடும் ஆலோசனைக் குழுவில், இருவருக்கும் சம்பந்தம் இல்லாத ஒருவர் மாணவரைத் தனியாகச் சந்தித்துப் பேச வேண்டும். வைவா நடத்தும் தேர்வாளர்களையும் இரு துறையில் இருந்தும் அழையுங்கள். ஒரே துறைக்காரர் வந்தால், பாதி ஆய்வேட்டை அறிமுகம் என்று நினைத்துப் புரட்டிவிடுவார்.

சமூக அறிவியலும் சட்டமும் கடைசி வாரச் சொற்பொழிவாக வைக்கப்படுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அது கூடாது. 1991இல் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த மாட்ரிட் நெறிமுறைப்படி, அண்டார்க்டிகாவில் எந்த வேலைக்கும் முன்பே சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிட வேண்டும். நம் நாட்டின் 2022ஆம் ஆண்டு அண்டார்க்டிகா சட்டப்படி அனுமதியும் வேண்டும். அண்டார்க்டிகாவின் ஏரி ஒன்றில் இருந்து ஒரு குடுவை நீர் எடுக்கும் மாணவர், அந்த விண்ணப்பத்தைத் தானே எழுதிப் பழக வேண்டும். 2024 மே மாதம் அண்டார்க்டிக் ஒப்பந்த நாடுகளின் 46ஆவது கூட்டம் கொச்சியில் நடந்தது. அங்கே வைக்கப்பட்ட ஆவணங்கள் பொதுவில் கிடைக்கின்றன. ஒரு செமஸ்டர் முழுக்க அவற்றை வைத்தே மாதிரிக் கூட்டம் நடத்தலாம், நிலவியல் மாணவர் ஒரு நாட்டின் பிரதிநிதியாக உட்காரலாம். ஆர்க்டிக்கில் கதையே வேறு. அங்கே சுமார் 40 லட்சம் பேர் வாழ்கிறார்கள், அவர்களில் பழங்குடியினர் பலர். கடல் பனியில் தினமும் நடப்பவர்களின் அறிவை எப்படிக் கேட்பது, கேட்டதற்கு என்ன திருப்பித் தருவது என்பதைப் பழவேற்காட்டு மீனவர்களிடம் பழகியவர் அங்கே போய்க் கூச்சமில்லாமல் செய்வார்.

சேர்க்கை பற்றி. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் தமிழ் வழியிலும் தெலுங்கு வழியிலும் படித்து வரும் பிள்ளைகள், எம்எஸ்சி வரை நன்றாகப் படித்தாலும் ஆங்கில நேர்காணலில் ஒடுங்கிப்போகிறார்கள். நேர்காணலுக்குப் பதிலாகவோ கூடவோ, ஒரு தரவைக் கொடுத்து இரண்டு மணி நேரம் விடுங்கள். அதில் எது சந்தேகமாக இருக்கிறது, ஏன் என்று தனக்கு வசதியான மொழியில் விளக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதும் பயிற்சியை முதல் ஆண்டில் நீங்கள் கொடுங்கள். சந்தேகப்படும் புத்தியை அவ்வளவு எளிதில் கொடுத்துவிட முடியாது. உதவித்தொகையை ஐந்து ஆண்டுக்கும் உறுதி செய்யாமல் யாரையும் சேர்க்காதீர்கள். ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (முதுநிலை) 42,000. மூன்றாண்டுத் திட்டப்பணத்தை நம்பி ஐந்தாண்டு மாணவரை எடுப்பது அவரைப் பாதி வழியில் இறக்கிவிடுவதற்குச் சமம்.

ஆண்டுக்கு ஆறு அல்லது எட்டுப் பேர் போதும். ஒருவருக்கொருவர் தரவைக் கொடுத்து வாங்க அந்த எண்ணிக்கைதான் சரி. எல்லாரும் முதல் ஆண்டு ஒரே ஊரில், ஒரே விடுதியில் இருக்கட்டும். திருப்பதி வசதியான இடம், காதங்கிக்கும் சூளூர்பேட்டைக்கும் பேருந்தில் போய்வரலாம். மூன்று ஆண்டு சேர்த்துவிட்டு ஒரு வருடம் நிறுத்தி, எது நடந்தது என்று பாருங்கள். உலக நாடுகள் சேர்ந்து துருவங்களை ஆராயும் ஐந்தாவது சர்வதேச துருவ ஆண்டு 2032–33இல் நடக்கத் திட்டமிடப்பட்டிருக்கிறது. சீக்கிரம் தொடங்கினால் உங்கள் முதல் குழு அப்போது பட்டம் முடித்து, உலகக் குழுக்களில் சேரத் தயாராக நிற்கும்.

வரைவு எழுதி நிதி கேட்பதற்கு முன், வரும் டிசம்பர் விடுமுறையில் ஒரு பத்து நாள் சோதனைப் பள்ளி நடத்திப் பாருங்கள். நான்கு துறைகளில் இருந்து மும்மூன்று மாணவர்கள், சேர விரும்பும் ஆசிரியர்கள் எல்லாரும் வரட்டும். ஐந்து நாள் நெல்லூர் குளிரறையில், ஐந்து நாள் பழவேற்காட்டில். பத்து நாளும் முழுதாக உட்காரும் ஆசிரியர்கள் யார் என்று பார்த்து, கைடுகளை அவர்களில் இருந்து எடுங்கள். பழவேற்காட்டில் டிசம்பரில் மழை மிச்சம் இருக்கும், படகுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.